பத்து லட்சத்து நாற்பத்தொன்பது

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. எனக்கு இன்று எழுபத்தொன்பது வயது, மூன்று மாதம், ஆறு நாள்.

தோழி,

காலையில் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி தன் கைப்பேசியை நீட்டினாள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா என்று நொடியில் சொல்லிவிடுமாம். “பெருசா ஒண்ணு சொல்லுங்க டீச்சர்.” என் வாய் 1000049 என்றது. “இல்லங்க டீச்சர், 353-ஆல வகுபடுது” என்று சொல்லிவிட்டு அவள் பேருந்துக்கு ஓடினாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த எண்ணோடு நீ கல்லூரி ஆசிரியர் அறைக்குள் வந்த மதியம் நினைவிருக்கிறது. நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண்ணை, அது எவ்வளவு பெரியதானாலும், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். உன் எண் ஆயிரத்தின் வர்க்கமும் ஏழின் வர்க்கமும் சேர்ந்தது. “இது மட்டும் பகா எண்ணா இருந்துச்சுன்னா, இதுக்கு வேற ஜோடியே கெடையாதுடி. நம்ம ஆம்பளைங்களுக்குச் சொல்லணும்.”

“மொதல்ல சாப்புடு, ஆறுது” என்றேன்.

கணிப்பொறி இல்லாத காலம். ஆயிரத்துக்குக் கீழே, நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் எண்பது பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஐந்நூறு வரை என் பங்கு, அதற்கு மேல் உன் பங்கு. மீதி வந்தால் ஒரு டிக். ஒரு வாரம் கழித்து என் தாள் முழுவதும் டிக் இருப்பதைப் பார்த்து, துறைத் தலைவர் முன்னாலேயே என்னைக் கட்டிக்கொண்டாய். ஆசிரியர் இதழொன்றில் கட்டுரை உன் பெயரில் வந்தது. அடிக்குறிப்பில் எனக்கு நன்றி.

அடுத்த இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 775-இன் வர்க்கத்தோடு 632-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் அதே எண்தான். இரண்டு வழி இருப்பதால் அது பகா எண் அல்ல, 353-ஆல் வகுபடும்.

353 யாருடைய பங்கு என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் துறைத் தலைவர் கேட்டபோது, “நான்தான் சார் வகுத்தேன், தப்பு என்னோடது” என்றாய். எண் கோட்பாட்டுப் பாடத்தை உன்னிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார். ஓய்வுபெறும் வரை நான்தான் நடத்தினேன். வெட்கமின்றி, நன்றாகவே நடத்தினேன்.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் நீ என்னைத் தேற்றினாய். “கை தவறுறது யாருக்கும் வரும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நாங்கன்னா சர்ச்சுல பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவோம். ஒனக்கு அந்த வசதியும் இல்ல.” சிரித்தேன். திருமயம் பேருந்து வந்தது; ஏறிவிட்டேன்.

சென்ற ஆண்டு ஆவூரில் உன் குழியில் எல்லோரையும் போல ஒரு பிடி மண் போட்டேன். “அம்மா ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்கும்” என்றாள் உன் மகள். என்ன பேசினாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கை தவறவில்லை. 353-ஆல் வகுத்தேன், மீதி பூஜ்யம். மறுபடியும் வகுத்தேன், பூஜ்யம். கட்டுரையில் உன் பெயர் மட்டும் வரப்போவது எனக்குப் பொறுக்கவில்லை. அச்சில் ஏறி நீ அவமானப்பட வேண்டும் என்றுதான் அந்த டிக்கைப் போட்டேன்.