பெருக்கமரத்தடியில் அரை மணி நேரம்

பள்ளிமுனை,
மன்னார்.
05.02.2024

அன்புள்ள ஹில்மி மாஸ்டருக்கு,

நானும் றோசம்மாவும் மாத்திரைகளின் தயவில் சுகமாக இருக்கிறோம். இந்தப் பனிக்கு உங்கள் முழங்கால் எப்படி? நசீறாவின் இருமல் விட்டதா?

இந்த முறை ஒரு முறைப்பாட்டோடு தொடங்குகிறேன். நேற்றுப் பூசை முடிந்து வரும்போது மில்ரனைக் கண்டேன். உங்களிடம் கணக்கும் என்னிடம் விஞ்ஞானமும் படித்து, இரண்டிலும் தேறாமல், இப்போது தள்ளாடிச் சந்தியில் தேநீர்க் கடை போட்டு எங்கள் இருவரையும் விட நன்றாக இருக்கிறானே, அவன்தான். "ஹில்மி சேரும் மிஸ்ஸிஸும் நேற்று வந்தவை. ஒராளிட்ட ஒராள் பைனாகுலரைப் பறிச்சுப் பறிச்சு பூநாரை பாத்தவை. உங்களிட்ட வந்திருப்பினமே சேர்?" என்று கேட்டான். "ஓம், வந்தவை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வேறு என்ன சொல்ல?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பூநாரை குஜராத்துச் சதுப்பிலிருந்து வருகிறது. அதற்கு இங்கே சொந்தமும் இல்லை, வளவும் இல்லை. ஆனாலும் மழைக்காலம் முடிந்தால் எங்கள் களப்பில் இறங்காமல் போவதில்லை. புத்தளம் அதைவிடத் தூரமா?

முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் அறிவித்த அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள். இப்போது சொல்லாமல் வந்து சொல்லாமலே போயிருக்கிறீர்கள். கடிதத்துக்குக் கடிதம் நான் எழுதுகிற பழைய கோபம்தான், உரிமைக் கோபம். பொறுத்துக்கொள்வீர்கள்.

ரெலிபோனில் கேட்டிருப்பேன். கருவி மாட்டியும் எனக்கு இப்போது பாதிதான் விழுகிறது. ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைசி வாங்கில் குசுகுசுப்பவனைப் பெயர் சொல்லி எழுப்புவேன். "சேருக்கு முதுகிலையும் காது" என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். அந்தக் காது இப்படி ஆகிவிட்டது.

பதில் எழுதுங்கள். நசீறாவுக்கு எங்கள் அன்பு.

உங்கள்
அம்புறோஸ்


புத்தளம்.
14.02.2024

அன்புள்ள அம்புறோஸ் சேருக்கு,

கடிதம் கிடைத்தது. நசீறாவின் இருமல் விட்டுவிட்டது. என் முழங்கால் விடுவதாக இல்லை.

மில்ரன் சொன்னது உண்மை. எல்லாம் மகள் நுஸ்ரியாவின் ஏற்பாடு. எங்கள் கலியாண நாளுக்கு ஒரு பைனாகுலரை வாங்கித் தந்து, தன் காரையும் தந்து, எங்காவது போய்வாருங்கள் என்றாள். நசீறாவுக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியாது. அகதி முகாமில் இருந்த வருடங்களில் வேறு வேலையில்லாமல் புத்தளம் களப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிடித்த பழக்கம். மன்னாருக்குப் போவோமா என்று கேட்டேன். "பறவை பாக்கண்டா வாறன், ஊர் பாக்கண்டா வரமாட்டன்" என்று சொல்லித்தான் ஏறினாள். அந்த ஒக்டோபருக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மதவாச்சி தாண்டி, மடுச்சந்திக்கு இப்பால் வீதியோரத்தில் சூடு ஆறாத யானை இலத்தி. யானையைக் காணவில்லை. அவளுக்கு அதில் பெரிய மனவருத்தம். கட்டுக்கரைக்குளத்தில் கூழைக்கடாக்கள் கந்தோருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக நீந்தின. உயிலங்குளத்தில் நெல் அறுவடைக்கு நின்றது. கதிருக்கு மேலே மயில்களின் கழுத்து மட்டும் தெரிந்தது. களப்புக்கு நடுவே போகும் தாம்போதியில் ஏறியதும் தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. காரை நிறுத்தி எண்ணத் தொடங்கினேன். "இதையுமா எண்ணுறீங்க, சும்மா பாருங்க" என்று பைனாகுலரைப் பறித்துக்கொண்டாள். பிறகு வெகுநேரம் தரவில்லை.

கோட்டையில் காவலுக்கு நின்றவர் எந்த ஊர் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் நசீறா "புத்தளம்" என்றாள். உப்புக்குளத்தில் எங்கள் பழைய வளவு வாசலில் ஒரு கழுதை நின்றது. வளவுக்குள் யாரோ நல்ல மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். நசீறா வாழைப்பழம் கொடுத்துவிட்டுக் கழுதையைப் படம் எடுத்தாள். கழுதை துல்லியமாக விழுந்திருக்கிறது. பின்னால் வீடு மங்கல்.

பகல் சாப்பாட்டைப் பேசாலைக் கடற்கரையில் அவிழ்த்தோம். பிறகு தலைமன்னார் இறங்குதுறை, வெளிச்சவீடு, கடலுக்கு மேலே ஆலாக்கள். இருட்டினால் எனக்குக் கார் ஓட்டக் கண் போதாது. அதனால் அங்கிருந்து நேரே திரும்பிவிட்டோம். குறை நினைக்க வேண்டாம்.

உங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிறது. எங்களுக்கும் நோன்பு வருகிறது. றோசம்மா அக்காவுக்கு ஸலாம்.

அன்புடன்,
ஹில்மி


பள்ளிமுனை,
மன்னார்.
24.02.2024

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை றோசம்மாவுக்கு உரத்து வாசித்தேன். கழுதையின் படம் தனக்கு ஒன்று வேண்டும் என்கிறாள். கூழைக்கடா கந்தோருக்குப் போன இடத்தில் நன்றாகச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு நிறஞ்சலா உங்களுக்குத் தெரியாத பிள்ளை. அவளுக்கும் உங்களைத் தெரியாது. அதனால் அவள் சொல்வதில் கலப்படம் இருக்காது. "அண்டைக்குப் பொழுதுபடேக்க பெருக்கமரத்தடியில ஒரு வெள்ளைக் கார் அரை மணித்தியாலம் நிண்டது அங்கிள். தொப்பி போட்ட ஒரு ஐயா பார்சலோட உங்கட கேற்றடிக்கு வந்து, கையைத் தூக்கிப்போட்டுத் திரும்பிப் போனவர். அம்மா ஒராள் மரத்தடியிலயே நிண்டவ" என்கிறாள்.

இருட்டினால் கண் போதாதவர் பொழுதுபடும் நேரத்தில் என் வீட்டு வாசலில் என்ன செய்தார்?

நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதை நான் பக்கத்து வகுப்பிலிருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். விடையை மட்டும் எழுதினால் அரைப் புள்ளிதான், வழியையும் காட்டு என்பீர்கள். 'இருட்டிவிட்டது, திரும்பிவிட்டோம்' என்பது விடை. அதுவும் பிழையான விடை. வழியைக் காட்டுங்கள் மாஸ்டர். என்னில் ஏதும் மனக்குறை இருந்தால் எழுதுங்கள். பல்லுக்குள் அகப்பட்ட மீன்முள்ளு மாதிரி, எடுத்துப்போட்டால் சரியாகிவிடும். விட்டால்தான் வீங்கும். இந்த வயதில் இனி எதை ஒளிக்கப் போகிறோம்?

சொல்லாமல் போவதை மட்டும் நிறுத்துங்கள்.

உங்கள்
அம்புறோஸ்


புத்தளம்.
08.03.2024

அன்புள்ள சேருக்கு,

வழியைக் காட்டச் சொன்னீர்கள். காட்டுகிறேன்.

தலைமன்னாரிலிருந்து உங்களிடம் வருவதாகத்தான் திட்டம். நசீறா இரண்டு நாளுக்கு முன்பே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுத் தொதல் கிண்டி உங்களுக்கென்று ஒரு பார்சல் கட்டி வைத்திருந்தாள். பறவை பார்க்கத்தான் வருகிறேன் என்றவள், அதையும் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

பெருக்கமரத்தடியில் காரை விட்டோம். அங்கே நின்ற ஓட்டோக்காரர் ஒருவர், இந்த மரத்தை அந்தக் காலத்தில் அராபிய வியாபாரிகள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தார்கள் என்று நசீறாவுக்கு விளங்கப்படுத்தினார். பள்ளிக்கூடம் விட்டால் அந்த மரத்தைச் சுற்றி ஓடி விளையாடியவள், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். நான் பார்சலோடு உங்கள் கேற்றடிக்கு வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. செபமாலை கேட்டது. அக்கா முதலில் சொல்ல நீங்கள் பின்னால் சொல்வீர்கள், அதே ஒழுங்கு, அதே குரல்கள். தட்டக் கையைத் தூக்கினேன். பின்னால் மரத்தடியிலிருந்து நசீறா சொன்னாள்:

"தட்டாதீங்க. செபம் நிண்டுரும்."

அதற்கு மேல் என்னால் தட்ட முடியவில்லை. மரத்தடிக்குத் திரும்பி வந்து நின்றோம். உங்கள் செபம் முடியும் வரை கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு காரை எடுத்தேன்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம். முந்திய வழியையும் காட்டுகிறேன்.

நாங்கள் ஊரை விட்டுப் போவதற்கு முதல் நாள் பின்னேரம், அந்த மழைக்குள், நானும் நசீறாவும் உப்புக்குளத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்து வந்தோம். எதையும் கேட்க வரவில்லை. ஒளித்துவையுங்கள் என்றோ, சாமானைப் பாருங்கள் என்றோ, யாரிடமாவது கதையுங்கள் என்றோ கேட்கிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அது உங்களுக்கு ஆபத்து என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தோம். உள்ளே விளக்கு எரிந்தது. செபமாலை கேட்டது. தட்டினேன். "சேர், நான் ஹில்மி" என்றேன். செபமாலை நின்றது. கொஞ்ச நேரத்தில் விளக்கும் அணைந்தது.

அன்றைக்கும் அதே மரத்தடியில் அரை மணி நேரம் நின்றோம். மழைக்கு ஒதுங்கி அல்ல. கதவு திறக்கும் என்று.

சொல்லாமல் போனீர்கள் என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு முறையும் நசீறா கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு எழும்பிப் போவாள். அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நான் சொல்வேன். இத்தனை வருடமாக அதையே சொல்லி வந்திருக்கிறேன். அதை நம்பித்தான் உங்களுக்கு எழுதியும் வந்தேன்.

இதுதான் வழி. இனி விடையை நீங்கள் சொல்லுங்கள்.

ஹில்மி


பள்ளிமுனை,
மன்னார்.
22.03.2024

அன்பு மிக்க ஹில்மி மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. உடனே எழுதக் கை வரவில்லை. எவ்வளவு பெரிய பிழையான விளக்கம் எங்களுக்கு நடுவில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது!

முதலில் ஒன்று சொல்கிறேன். அந்த நாள்களிலேயே எனக்குக் காது சரியில்லை. ஆஸ்பத்திரியில் தந்த துளி மருந்தை விட்டுக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். செபமாலை நின்றது என்கிறீர்கள். பத்து மணி உருட்டி முடிய ஒவ்வொரு தரமும் தேவ இரகசியம் சொல்ல நிறுத்துவோம்தானே? விளக்கும் எண்ணெய் முடிந்து அணைந்திருக்கும். மண்ணெண்ணெய்க்கு அப்போது எவ்வளவு தட்டுப்பாடு!

விஞ்ஞானமாகவே பாருங்கள். ஓட்டுக்கூரையில் மழை கொட்டும்போது ஒரே அறைக்குள் இருக்கிற இருவர் பேசுவதே விழாது. வகுப்பில் நாங்கள் மழைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இருந்ததில்லையா? அப்படி ஒரு மழைக்குள், குடையும் இல்லாமல், பிள்ளையின் நீலப் புத்தகப் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்று மெதுவாகக் கூப்பிட்டால் கதவுக்கு இப்பால் எப்படிக் கேட்கும்? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

றோசம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லையாம். உங்கள் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து செபத்துக்கு முன்விறாந்தையில் இருக்க மாட்டேன் என்கிறாள். குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு தனியாகச் செபிக்கிறாள். வயது போனால் இப்படித்தான். நசீறாவின் தொதலைப் பற்றி இரண்டு தரம் கேட்டாள்.

என்னை அறியாமல் ஏதும் குறை நடந்திருந்தால் இந்தத் தவக்காலத்தில் பொறுத்துக்கொள்ளுங்கள். முள்ளை எடுத்துப்போட்டாயிற்று. இனி வீக்கம் வற்றிவிடும். பெருநாள் முடிய இருவரும் வாருங்கள். கேற்றைத் திறந்தே வைத்திருப்பேன்.

என்றும் உங்கள்
அம்புறோஸ்


புத்தளம்.
15.04.2024

அன்புள்ள சேருக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உங்களுக்கும் உயிர்த்த ஞாயிறு நல்லபடியாகப் போயிருக்கும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். காதைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதியதோடு எனக்கு வழக்கில்லை. நுஸ்ரியாவின் நீலப் பையைத் தலையில் பிடித்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். வீட்டில் கையில் அகப்பட்டது அதுதான். ஆனால் சேர், பையைப் பற்றி நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. உங்கள் முன் ஜன்னலின் ஒரு பலகை எப்போதும் சரியாகச் சாத்தாது. அது எனக்கும் தெரியும்.

அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நசீறாவிடம் சொல்லச் சொல்ல, அந்த ஒரு வசனத்தின் மேல்தான் நான் உங்களோடு சிநேகமாக இருந்தேன். இப்போது அதையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள். கடிதத்தை நசீறாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளுக்கு அதில் புதிதாக அறிய ஒன்றும் இல்லை.

பயந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அன்றைக்கு யார்தான் பயப்படவில்லை? அந்த ஒரு வரிக்கு அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பேன்.

தொதலைத் திரும்பும் வழியில், மதவாச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உடைத்தோம். நன்றாக வந்திருந்தது. அக்கா கேட்டால் சொல்லுங்கள்.

மார்கழி முடிய நசீறாவும் நானும் மறுபடி பறவை பார்க்க வருவோம். தாம்போதியில் நின்று பார்ப்போம். கேற்றைத் திறந்து வைக்க வேண்டாம்.

நான் சொல்லாமல் போனேன் என்று இனி நீங்கள் யாருக்கும் எழுத வேண்டியதில்லை. இந்த முறை சொல்கிறேன்.

போறன், சேர்.

ஹில்மி