செயலாளரின் அக்கா

ஜனவரி 19

குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டேன். நானாகக் கேட்கவில்லை. பொதுக்குழுவில் "இந்த வருஷம் யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று கேட்டதும் அறுபது வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் கைப்பேசியை நோண்ட ஆரம்பித்தார்கள். பொருளாளர் என் பக்கம் திரும்பினார். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர், "தண்ணீர் குடிங்க" என்பதைக்கூட உரக்கத்தான் சொல்வார். "நீங்க வீட்லதானே இருக்கீங்க மேடம்!" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். அது சும்மா இருப்பதாம். வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள்.

கடைசி வரிசையில் அக்காவும் தூக்கினாள். என்னைப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி தூக்கினாள்.

ஜனவரி 20

ஏன் தூக்கினாள்?

பிப்ரவரி 3

சங்க ஆபீஸ் என்பது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பொந்து. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு இன்டர்காம். வருஷம் முழுவதற்கும் செய்ய வேண்டியதைப் பொருளாளர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். இந்த மாதக் கடைசிக்குள் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், அடுத்த மாதம் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கோடையில் தீயணைப்பு உருளைகளை நிரப்புவது, மழைக்கு முன் மொட்டை மாடி ஒழுக்குக்குப் பூச்சு. எனக்குத் தலை சுற்றியது. அவர் போன பிறகு இன்டர்காம் அடித்தது.

"ஆபீஸா? சி பிளாக் மூணாம் மாடியிலேர்ந்து பேசறேன். செயலாளர் இருக்காங்களா?"

"...பேசறேன்."

"குழாய்ல தண்ணி கலங்கலா வருது. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

நாலு வருஷமாக அக்காவும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஏ பிளாக் ஜன்னலில் நான், எதிர்த்தாற்போல் சி பிளாக் பால்கனியில் அவள். நடுவில் ஒரு பூங்கா, இரண்டு ஊஞ்சல். அத்தான் போன பிறகு மகளோடு இங்கே வந்தவள் அவள். நான் என் கணவரை விட்டு வந்தபோது இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தவளும் அவளேதான். "என் கண்ணு முன்னாடி இரு" என்றாள். அந்த வருஷமே அவள் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் நுழைகிறேன், முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார், என் கணவர். பத்தொன்பது வருஷம் என்னோடு இருந்து, கோபம் வந்தால் வாரக்கணக்கில் வாயே திறக்காமல், ஒரு தடவை ஐந்து மாதம் ஒரு சொல் பேசாமல் என்னைச் சுவரோடு சுவராக ஆக்கியவர். அவருக்கு அக்கா தன் கையால் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதோடு சரி.

இன்று "பாக்கச் சொல்லுங்க" என்றாள். 'ங்க'. என்னை.

பிப்ரவரி 24

லிஃப்ட் கம்பெனிக்காரன் மூன்று முறை ஏமாற்றிவிட்டு இன்று வந்தான். ஒப்பந்தம் முடிந்தது.

இந்த வாரம் அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். மாடிப்படியில் தூசி, தோட்டக்காரர் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார். வேலை இல்லாத நாளிலும் ஆபீஸில் போய் உட்காருகிறேன். திருத்த வேண்டிய ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் அங்கேயே கொண்டுபோய்விட்டேன். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒரு பக்கம் திருத்துவதற்குள் விடிந்துவிடும். இருந்தாலும்.

மார்ச் 12

தொட்டி கழுவும் நாள். காலையிலிருந்து யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. முன்கூட்டியே சொல்லியும் பாதிப் பேர் சோப்பு நுரையோடு போன் செய்தார்கள். ஏ பிளாக் மேல்தொட்டிக்குள் ஆட்கள் சரியாகத் தேய்க்கிறார்களா என்று பார்க்க நானே இரும்பு ஏணியில் ஏறினேன். பொருளாளர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விளிம்பில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்க்கிறேன், எதிர் பால்கனியிலிருந்து ஒரு கத்தல்:

"ஏய்! விழுந்து தொலையப் போறே! இறங்குடி கீழ!"

பூங்காவில் விளையாடிய பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தன. அக்கா கையில் ஈரத் துணி. சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொருளாளருக்கு வந்ததே கோபம். அவர் இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, எங்கள் உறவு அவருக்குத் தெரியாது. "என்ன மேடம் இது! ஒரு செயலாளரை டி போட்டுப் பேசறாங்க! கமிட்டியில வச்சுக் கேக்கணும்!"

"வேண்டாம் சார். விடுங்க."

"நீங்க ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க!"

இறங்கினேன். கடைசிப் படியில் நின்று எதிர் பால்கனியைத் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியேதான் இருந்தது.

மார்ச் 13

இறங்குடி. இறங்குடி. இறங்குடி.

ஐம்பது வயதில் என்னை டி போட இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம்.

ஏப்ரல் 9

தீயணைப்பு உருளைகள் நிரப்பியாயிற்று. எப்படிப் பயன்படுத்துவது என்று பூங்காவில் செய்து காட்டினார்கள். நாற்பது பேர் வந்து வீடியோ எடுத்தார்கள், உருளையைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர்.

பொருளாளர் அலுத்துக்கொண்டார்: "அந்த சி பிளாக் அம்மா உங்களைப் படுத்தி எடுக்கறாங்க. போன செயலாளர் இருந்தப்போ வாயைத் திறந்ததே இல்ல. ஒரு புகார் கிடையாது. இந்த வருஷம் என்னாச்சு அவங்களுக்கு?"

நான் திருத்திக்கொண்டிருந்த பக்கத்தை அப்படியே மூடினேன்.

ஒரு புகார்கூட இல்லையா?

ஏப்ரல் 10

அவள் மாடி வராந்தாவில் விளக்கு எரியவில்லை என்று நேற்றுச் சொல்லியிருந்தாள். எலக்ட்ரீஷியன் காலையிலேயே பல்பும் கையுமாக வந்து நின்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கூப்பிட்டாள். "இன்னும் விளக்கு போடலைங்க."

"அப்படியாங்க? சொல்லியிருக்கேனே."

"என்ன சொன்னீங்களோ."

சின்னச் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். இருமலாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 12

பல்பு போட்டாயிற்று. வயதானவள் இருட்டில் தடுக்கி விழுந்தால்? என்ன புத்தி எனக்கு.

மே 20

மொட்டை மாடிப் பூச்சு வேலை. தார் நாற்றம். எல்லாரும் புகார் சொல்கிறார்கள், அவளைத் தவிர. பதினைந்து நாளாக ஒரு அழைப்பும் இல்லை. இன்டர்காம் கெட்டுவிட்டதோ என்று வாட்ச்மேனை வாசல் கேட்டிலிருந்து ஆபீஸுக்குக் கூப்பிடச் சொல்லிச் சோதித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மே 27

பால்கனிக் கொடியில் இரண்டே புடவை காய்கிறது. சாம்பல் நிறத்தில் ஒன்று, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துபோய் எடுத்தது. அவள் அதைத்தான் எடுப்பேன் என்றாள், நான் கிழவி கலர் என்றேன். நிறம் வெளுத்திருக்கிறது. நல்லவேளை, இன்னும் கட்டுகிறாள்.

கதவைத் தட்டலாம். பூங்காவைத் தாண்டினால் அவள் வாசல். செயலாளர் எந்த வீட்டு மணியையும் அடிக்கலாம். தாளில் ஏதாவது காரணம் எழுதிக்கொண்டு போகலாம். போய்? கதவைத் திறந்ததும் என்ன சொல்வது? "கணக்கெடுக்க வந்தேன்" என்றா?

போகவில்லை.

ஜூன் 14

பொருளாளர் சாதாரணமாகச் சொன்னார்: "சி பிளாக் மூணாம் மாடி அம்மா வீட்டை விக்கறாங்களாம். ஆள் கிடைச்சாச்சு. சங்கத்துலேர்ந்து தடையில்லாச் சான்று கேக்கறாங்க. உங்க கையெழுத்து வேணும். ஒரு தொல்லை விட்டுது மேடம்!"

கமிட்டி கூடிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு விதியே கிடையாது.

ஜூன் 15

மகள் இருக்கும் ஊருக்கே போகிறாளாம் அக்கா.

ஜூன் 28

மழை பிடித்துக்கொண்டது. பூச்சு தாங்குகிறது, ஒரு வீட்டிலும் ஒழுக்கு இல்லை. முதல் முறையாக எனக்கு நாலு பேர் நன்றி சொன்னார்கள். மனம் எதிலும் ஒட்டவில்லை. கையெழுத்து கேட்டுப் பொருளாளர் மறுபடி நினைவூட்டினார். மறந்துவிட்டேன் என்றேன்.

எதிர் பால்கனி இல்லாமல் அந்த ஜன்னலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பேசாவிட்டாலும் அங்கே இருந்தாளே. காலையில் வந்து செடிக்குத் தண்ணீர் விட்டாளே. அதைப் பார்த்த பிறகுதானே எனக்கு நாள் தொடங்கும்?

ஜூலை 6

அக்கா ஆபீஸுக்கே வந்துவிட்டாள். லிஃப்ட் நின்றுபோயிருந்தது, மூன்று மாடி இறங்கியிருக்கிறாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொருளாளரும் இருந்தார்.

"செயலாளரைப் பாக்கணும். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நாளா?"

"கமிட்டி கூடணுங்க."

"கமிட்டி எதுக்கு மேடம்!" என்று பொருளாளர் குறுக்கே வந்தார். "நீங்களும் நானும் போட்டாப் போதும்!" மனிதருக்கு நேரங்காலம் தெரியாது. டீ சொல்லிவிட்டு வரும்படி அவரை வெளியே அனுப்பினேன்.

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். முட்டியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாலு வருஷம். முன்நெற்றி முழுக்க நரைத்திருக்கிறது.

"எதுக்கு விக்கறே?" என்றேன். 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை.

"முட்டி. மாடி ஏற முடியல."

"லிஃப்ட் இருக்கே."

"எங்க இருக்கு? பாதி நாள் நிக்குது. செயலாளர் சரியில்ல."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தியா இருக்க முடியலடி. பொண்ணு கீழ்வீடு பார்த்து வச்சுட்டுக் கூப்பிடறா."

"நானும்தான் ஒருத்தியா இருக்கேன்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீ கதவைச் சாத்திட்டே."

"அவரை எதுக்குக் கூப்பிட்டே?" குரல் உயர்ந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"பொண்ணு கேட்டா. சின்ன வயசுல அவளைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச சித்தப்பா. அவ கல்யாணத்துல அவ கேட்டதை நான் எப்படி இல்லைங்கறது? உங்கிட்ட சொன்னா நீ வந்திருக்க மாட்டே. நீ வரணும்னு இருந்துச்சு எனக்கு. ரெண்டையும் சேத்து வச்சு யோசிக்கத் தெரியல. தப்புதான்."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றித்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"அவர் பேசாம இருக்கார்னுதானே விட்டுட்டு வந்தே? நாலு வருஷம் நீ எங்கிட்ட என்ன பண்ணினே?"

திருத்திக்கொண்டிருந்த பக்கத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். வார்த்தை வரவில்லை என்று எழுதினால் பொய். நிறைய வந்தது. எல்லாம் அவர் என்றைக்கோ எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள்.

பொருளாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். செயலாளர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள், தொல்லைக்கார அம்மா செயலாளரின் முந்தானையை இழுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்க அக்கா சார்" என்றேன்.

முதல் முறையாக மனிதர் மெதுவாகப் பேசினார். "அப்படிங்களா" என்று சொல்லி டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 7

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போகாதே என்று சொல்லவில்லை. அந்த முட்டியைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

ஜூலை 30

தினமும் சாயங்காலம் அவள் வீட்டில்தான். லிஃப்டை நானே பின்னால் நின்று சரிபார்க்க வைத்தேன், ஓடுகிறது. நாலு வருஷத்துக் கதையை அவள் ஒரு பக்கமிருந்தும் நான் ஒரு பக்கமிருந்தும் சொல்லிக்கொண்டு வருகிறோம், நடுவில் எங்கும் சந்திக்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி மட்டும் பிறகு பேச்செடுக்கவில்லை. எனக்குள் இன்னும் ஓர் ஓரத்தில் எரிகிறது. அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 18

சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் உதவி செய்யும் லட்சணம்: அவள் பெட்டியில் வைப்பதை எடுத்து "இது எதுக்கு, இங்கயே வச்சுட்டுப் போ" என்கிறேன். பாதி வீடு ஏ பிளாக்குக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 2

போய்விட்டாள். சாமானை லிஃப்டில் ஏற்றி இறக்கக் கூடாது என்று நான் போட்ட விதியை நானே மீறினேன். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் கண்டித்திருக்கிறார்கள். கண்டிக்கட்டும்.

வண்டியில் ஏறும்போது எல்லாரும் இருந்ததால் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுவதற்கு முன் ஒரு அழுத்தல். அது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

செப்டம்பர் 3

காலையில் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்தேன்.

அக்டோபர் 25

புதிதாக வந்தவர்கள் பால்கனிக்கு வலை அடித்துவிட்டார்கள், புறாத் தொல்லையாம். அனுமதி கேட்டே அடித்தார்கள். நல்ல மனிதர்கள். அவர்கள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்?

இரவு எட்டு மணிக்கு அக்கா போன் செய்வாள். நேரில் இல்லாத குரல். "சாப்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். "பொய்" என்பாள். நேரில் இருந்தால் முகத்தைப் பார்த்து இன்னும் நாலு பொய்யைக் கண்டுபிடிப்பாள்.

டிசம்பர் 9

ஜெனரேட்டர் சர்வீஸ், தோட்டத்துக்கு மண், பொதுக்குழு அறிவிப்பு. ஒரு வருஷம் ஓடிவிட்டது. எல்லாம் நடந்தது. தொட்டி சுத்தம், மாடி ஒழுகவில்லை, லிஃப்டும் இப்போது நிற்பதில்லை. பொருளாளர் "அடுத்த வருஷமும் நீங்கதான்!" என்று கட்டடமே அதிரச் சொல்கிறார்.

ஜனவரி 18

பொதுக்குழு. பொறுப்பைத் தொடர முடியாது என்றேன். "ஏன் மேடம்? வீட்லதானே இருக்கீங்க!"

"வீட்ல இருக்க மாட்டேன் சார்."

பொருளாளர் வேறு வழியில்லாமல் தானே ஏற்றுக்கொண்டார். இனிமேல் இன்டர்காம் தேவைப்படாது. அவர் ஆபீஸிலிருந்து பேசினாலே மூன்றாம் மாடிக்குக் கேட்கும்.

பிப்ரவரி 4

அக்கா வீடு. மதியம். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். காலையில் போகிறபோது "சித்தி, அன்னிக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தாள். "பஸ் போயிடும், கிளம்பு" என்றேன். சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம், கேட்க முடியும் என்று தோன்றுகிறது.

பாடப்புத்தகத்தைத் தபாலில் இங்கேயே வரவழைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பு வரலாறு, ஏகப்பட்ட பிழை. அக்கா என் தலையணையில் பாதியை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, ஊருக்கு எப்போது கிளம்புகிறாய் என்றாள்.

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளி?" என்றாள்.