நாலாவது பத்தி

2-2-09, திங்கள்

"டீச்சர், அந்த பஸ் திரும்ப எத்தினி மணிக்கு வரும்?"

சனிக்கிழமை கம்பெனி கேன்டீனில், என்னிடம் படித்த சுமதி கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வரும்மா, கண்டிப்பா வரும்" என்றேன். இரண்டு நாளாக அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

காலையில் நல்ல பனி. பால் தாமதம். குக்கர் வாஷர் மாற்ற வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். முருகவேல், என் பழைய மாணவன், எப்போதும் முதல் பெஞ்ச். இப்போது சேதராப்பட்டில் ஒரு ஒயர் கம்பெனியில் பர்சனல் ஆபீசர். கார்களுக்கு ஒயர் கட்டு செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கார் விற்கவில்லையாம், ஆர்டர் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. அறுபது பேரைக் குறைக்க வேண்டும். நானே விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம்.

"நாங்க சொன்னா சண்டைக்கு வர்றாங்க டீச்சர். பாதிப் பேரு உங்ககிட்ட படிச்ச பொண்ணுங்க. நீங்க வந்து தாளைப் படிச்சுக் காட்டினா போதும்."

ஜீப் அனுப்பினான். சால்வை போர்த்தினான். ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து எனக்கு அறுபது பேர் கொண்ட ஒரு வகுப்பு. அந்த ஆசையில்தான் போனேன். இங்கேயாவது அதை மறைக்கக் கூடாது.

நான் சொன்ன எடுத்துக்காட்டு: கூட்டம் நிறைந்த பஸ், கோரிமேட்டு ஏற்றத்தில் திணறுகிறது. கொஞ்சம் பேர் இறங்கிக்கொண்டால் வண்டி மேலே ஏறிவிடும். ஏறி நின்று, இறங்கினவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளும்.

தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். முதல் பத்துப் பேர் போட்டது என் பேனாவில்.

3-2, செவ்வாய்

பெரிய மார்க்கெட். கத்தரி, கொத்தமல்லி, மத்தி மீன். எலுமிச்சை மறந்துவிட்டது.

மறந்ததற்குக் காரணம் சுமதி. பூக்கடைப் பக்கம் பின்னாலிருந்து கையைப் பிடித்தாள்.

"டீச்சர்! மூணு மாசம் லீவு உட்டா மாதிரி இருக்கு. நேத்து பெயின்ட் வாங்கிட்டேன். பொங்கலுக்கே அடிச்சிருக்கணும்."

"உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"கிட்னிதானே, ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. மருந்தெல்லாம் என் ஈ.எஸ்.ஐ. அட்டையிலதான் வருது. அதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல டீச்சர்?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பஸ் வர்ற வரைக்கும் நிழல்ல உக்காந்திருக்க வேண்டியதுதான்!" சிரித்துக்கொண்டே போனாள்.

விசாரிக்க என்ன இருக்கிறது? விடை என் கைப்பையில். முருகவேல் கொடுத்த தாளின் நகல். நாலாவது பத்தி: விலகியவருக்கு மீண்டும் வேலை கேட்கும் உரிமை எக்காலத்திலும் இல்லை, ஈ.எஸ்.ஐ. முதலிய சலுகைகளும் முடிவுக்கு வரும்.

அதைக் கேன்டீனிலேயே கண்ணால் படித்தேன். வாயால் படிக்கவில்லை. மூன்றாவதிலிருந்து நேராக "கையெழுத்திட வேண்டிய இடம்" என்பதற்குப் போய்விட்டேன். ஏனென்றால் நாலாவதைப் படித்தால் பஸ் திரும்பி வராது. அவ்வளவு அழகாக அமைந்த எடுத்துக்காட்டு கெட்டுவிடும்.

முப்பத்து நாலு வருடம், எடுத்துக்காட்டு பாடத்துக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துக்காட்டை மாற்றினேன். அன்று பாடத்தை மாற்றினேன்.

ஐந்தாவது பத்தி, பொடி எழுத்து, இன்றுதான் படிக்கிறேன்: கையெழுத்திட்டவர் ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். ஏழு நாள் என்றால் வரும் சனிக்கிழமை.

4-2, புதன்

வீட்டில் இவரிடம் சொல்லிவிட்டேன். ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். தபால் ஆபீசில் இருந்தவர், எதையும் இரண்டு முறை படிப்பவர். தாளைத் திருப்பித் தந்து சொன்னார்: "பாடம் தப்பா எடுத்தவ நீ. ஃபெயில் ஆனது அவங்க. நல்ல ஸ்கூல்."

சாப்பாட்டில் உப்பு அதிகம். அவர் மோரைக் கூட்டி ஊற்றிக்கொண்டார்.

முருகவேலுக்குப் போன் செய்தேன். ஐந்தாவது பத்தியைப் பற்றி அவர்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். என்ன பைத்தியம், அனுமதி கேட்கிறேன்.

"யாரும் கேக்கலயே டீச்சர். நீங்க எதுக்கு எடுத்துக் குடுக்கறீங்க?" பிறகு குரல் இறங்கியது. "அறுபது ஆவலைன்னா அடுத்த பேரு என்னுது டீச்சர். மேல சொல்லிட்டாங்க. பொண்ணு இப்பதான் எல்.கே.ஜி. போறா."

அவனும் என் பிள்ளைதான்.

5-2, வியாழன்

சுமதி வீட்டுக்குப் போகவில்லை.

காரணங்கள்: முட்டி வலி. வில்லியனூர் பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். புடவைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டும். மு.வின் பெண்.

ஃபால்ஸ் தைத்து முடித்தேன்.

6-2, வெள்ளி

போனேன். வில்லியனூரில் இறங்கிப் பத்து நிமிட நடை. சுமதி வீட்டில் பாதிச் சுவர் பச்சை, பாதி பழைய வெள்ளை. கட்டிலில் அவள் கணவர். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

உட்காராமலே சொல்லிவிட்டேன். "சுமதி, தாள்ல நாலாவது பத்திய நான் படிக்காம விட்டுட்டேன். அந்த பஸ் திரும்பி வராது."

பிரஷ் நின்றது. "தெரியாம உட்டுட்டீங்களா டீச்சர்?"

"தெரிஞ்சுதான்."

கட்டிலிலிருந்து அவர், "ஊர்ல யாரையும் நம்பாத, டீச்சரை நம்புன்னு நான்தானே அனுப்பி வெச்சேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாளைக்குள் திரும்ப வாங்கலாம் என்று விளக்க ஆரம்பித்தேன். "இப்ப எடுத்துக்க, கடையில ஒரு சாமான் வாங்கிட்டு..." சுமதி பெயின்ட் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கதை வேணாம் டீச்சர். தாளைக் குடுங்க. நானே படிக்கிறேன்."

விரல் வைத்துப் படித்தாள். வரி வரியாகப் பச்சைக் கறை. 'எக்காலத்திலும்' என்ற இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து. எடுத்துக் கொடுக்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஐந்தாவதையும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு கையெழுத்துப் போட்டேன். இப்ப நீங்க சொல்றீங்கன்னு திரும்ப வாங்கல. இதுல எழுதியிருக்குன்னு வாங்கறேன்."

கடிதத்தையும் அவளே எழுதினாள். இரண்டு எழுத்துப் பிழை. சொல்லவில்லை.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, தன்னோடு கம்பெனி வண்டியில் வரும் பெண்களின் வீடுகளுக்குக் கிளம்பினாள். நானும் வரவா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர். உங்களப் பாத்தா மறுபடி தலையாட்டிடுவாங்க."

7-2, சனி

காலை ஒன்பதரை, கம்பெனி கேட். சுமதியோடு சேர்த்து ஒன்பது பேர். நான் தள்ளி நின்றேன். வாட்ச்மேன்: "லெட்டர் எதுவும் வாங்கக் கூடாதுன்னு சார் ஆர்டர். ஏம்மா என் பொழப்பையும் கெடுக்கறீங்க?"

என் வீட்டுக்காரர் நேற்றே சொன்னார், வாங்க மாட்டார்கள் என்று. கவர்கள் வாங்கித் தயாராக ஹெட் போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு. "முத்திரையில இன்னைக்குத் தேதி விழுந்தா போதும். அதை யாரும் அழிக்க முடியாது." ஒவ்வொரு கவரிலும் பின்கோடு சரிபார்த்தார்.

கவுன்டர்காரர், "அண்ணே, ரிட்டயர் ஆயும் எங்கள உட மாட்டீங்களா?"

"நீ முத்திரைய ஒழுங்கா குத்து, போயிடறேன்."

ஒரு பெண் சிரித்தாள். இந்த வாரம் நான் கேட்ட முதல் நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை.

12-2, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. எலுமிச்சை வாங்கியாயிற்று.

சுமதி போன். "உள்ள உட்டுட்டாங்க டீச்சர். ஒம்போது பேரையும். ஒப்புதல் அட்டை கையெழுத்தாகி வந்துச்சில்ல, ஒண்ணும் பேச முடியல. முருகவேல் சார் மூஞ்சியத் தூக்கிப் பாக்கவே இல்ல." பிறகு, "மீதிப் பேரு வந்து கேட்டாங்க. நாள் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்களாம். ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா திருபுவனை பக்கத்துப் பொண்ணுங்களயும் போய்ப் பாத்திருப்பேன்."

ஒரு நாள். போன வியாழக்கிழமை. ஃபால்ஸ் தைத்த நாள். ஐம்பத்தோரு பேர்.

அடுத்த பெயர் மு.வுடையதா, தெரியாது. இரண்டு முறை நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை.

மத்தியானம் உட்கார்ந்து அந்த பஸ்ஸை ஒரு தாளில் வரைந்தேன், கரும்பலகையில் வரைவது போல. ஏற்றம், சக்கரம், உள்ளே இருப்பவர்கள், இறங்கி நிற்பவர்கள். என்னை ஒரு புள்ளியாக வைக்கப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் நான் இல்லை. ரோட்டிலும் இல்லை. கம்பெனி அனுப்பிய ஜீப்பைத் தனியாக வரைந்து அதில்தான் வைக்க முடிந்தது.

இந்த நோட்டு யார் கைக்காவது போனால் இதைச் செய்து பாருங்கள்: அடுத்தவருக்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்லும் முன் அதைத் தாளில் வரைந்து, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.