நெல்லிலையை வாசிக்கச் சொன்ன சாவடி

அனுப்புநர்:
க. பாக்கியரத்தினம்,
மீன் வியாபாரி,
கோவிலடி, சல்லி.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி, திருகோணமலை.

பொருள்: மச்சான் சோமசேகரத்தைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சோமசேகரம் என் தங்கை அன்னலட்சுமியின் கணவர். நெல் ஆராய்ச்சி உத்தியோகத்தர். நெல்லின் மரபணு எழுத்துகளை வெளிநாட்டார் முழுவதும் வாசித்து முடித்துவிட்டார்களாம். எந்தத் தொடர் என்ன வேலை செய்கிறது என்று குறிப்பு எழுதுவதுதான் மிச்சமாம். திரியாயில் உப்புத்தண்ணீருக்கும் சாகாத ஒரு நெல் உண்டு. அதற்குக் காரணமான எழுத்துகளை அவர் தேடிக்கொண்டிருந்தார். விஞ்ஞானத்தில் இரண்டு முறை கோட்டைவிட்ட எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

2. அந்த எழுத்துகளை இலையிலிருந்துதான் எடுப்பார்களாம்; பறித்த இலையை ஐஸில் வைக்க வேண்டும். ஆகவே கடந்த மார்கழியில் என் மோட்டார் சைக்கிளில், என் மீன்பெட்டியோடு திரியாய்க்குப் போனோம். பாரைமீன் நாற்றத்தோடு விஞ்ஞானம் பின்னால் உட்கார்ந்து வந்தது.

3. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து, இலை எதற்கு என்றார்கள். மச்சானுக்குப் பொய் வராது. இதிலுள்ள எழுத்துகளை வாசிக்க என்றார். அதைச் சிங்களத்தில் சொன்னவன் நான். பொறுப்பாயிருந்தவர் ஓர் இலையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, வாசி என்றார். இப்படி வாசிக்க ஏலாது ஐயா, மெசின் வேணும் என்றார் மச்சான். கன்னத்தில் ஓர் அறை. அடுத்த இலை. மறுபடி, வாசி. சிப்பாய்கள் சிரித்தார்கள், வரிசையில் நின்ற சனமும் சிரித்தது, நானும் சிரித்தேன். துவக்கு வைத்திருப்பவர் சிரித்தால் சேர்ந்து சிரிப்பதுதான் நான் கற்ற சிங்களத்தில் பாதி. வாசிக்கத் தெரியாவிட்டால் தின் என்றார்கள். அத்தனை இலையையும் தின்னவைத்த பிறகு, அவரை உள்ளே கொண்டுபோய், பெட்டியையும் வைத்துக்கொண்டு, என்னைப் போகச் சொன்னார்கள்.

4. மறுநாள் தங்கையோடு போனேன். அப்படி ஒருவர் வரவேயில்லையாம். நான் தனியாகத்தான் வந்தேனென்று எனக்கே விளக்கினார்கள். பெட்டியை மட்டும் கழுவித் தந்தார்கள். தங்கை அதன் மூலையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இலைத் துண்டுகூட இல்லை. தனியாக வந்தேன், என் உடைமை முழுவதும் கிடைத்தது என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். சிரித்தபடி போட்டேன்.

5. மச்சான் கனடாவுக்குப் போய்விட்டார் என்று இப்போது ஊரில் கதை. பரப்புவோரில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் மீன் வாங்குபவர்கள்.

6. ஐயா, அந்தக் கையெழுத்துப் பொய். நாங்கள் இருவராகத்தான் வந்தோம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறேன். எந்த நிலையில் இருந்தாலும் மச்சானைத் தங்கையிடம் ஒப்படைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். அதற்கும் ஒரு கையெழுத்துத் தேவையென்றால், இதோ, இம்முறை சிரிக்காமல் போடுகிறேன்.

இடம்: சல்லி
திகதி: 19.02.2007

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. பாக்கியரத்தினம்