மஞ்சள் கேன்

புனே
14.3.1998

என் அன்புள்ள குளோரியாவுக்கு,

குழந்தை இயேசுவின் தயவில் இதுவரை நானும் நலம், ஜீப்பும் நலம். நீயும் மகன் அமலும் மருமகள் டோரதியும் சுகமாக இருக்க வேண்டும்.

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். கோயில் ஹாலில் முதியோர் வகுப்பு எடுக்கும் அனுஷா டீச்சரிடம் சொல். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டம்ளரில் டீ ஆறிவிடுகிறது. ஆறின டீயும் இன்று ருசிக்கிறது. நான் எழுதுகிறேனே!

பாலைவனம் பார்க்கப் போகும் இந்த ஜீப் பயணத்தில் சமையல் மட்டுமல்ல, தண்ணீரும் என் பொறுப்பு. வெள்ளைக் கேன் குடிக்க, சமைக்க. மஞ்சள் கேன் கழுவ, ரேடியேட்டருக்கு ஊற்ற. ஓர் ஊர்த் தண்ணீரை இன்னோர் ஊர்த் தண்ணீரோடு கலக்கக் கூடாது. ஒன்று கெட்டால் அது மட்டும் போகட்டும் என்று சேஷகிரி சார் சொல்கிறார். ஓசூர் டிரைவர் பச்சைமுத்து என்னைத் தண்ணீர் மந்திரி என்று கூப்பிடுகிறான்.

ஒரே ஒரு வருத்தம். சோறு வடிக்கக் கூடாதாம். "தியோடர், கஞ்சியைக் கீழ ஊத்துனா அவ்வளவு தண்ணியும் போச்சு. அளந்து வெச்சுப் பொங்கிடுங்க" என்கிறார் சார். பேங்க் கேன்டீனில் என் காலம் முழுக்க வடித்துக் கொட்டியவன் நான். அதைப் பூப்போல இருக்கிறது என்று சாப்பிட்டவர்தான் இவர்.

வீட்டு விஷயத்தை வந்து பேசிக்கொள்ளலாம். ஈஸ்டருக்கு வந்துவிடுவேன். உதய்பூர் பெரிய தபால் ஆபீசுக்கு என் பெயர் போட்டு எழுது. நேரில் போய் வாங்கிக்கொள்ளலாமாம்.

உன் அன்புக் கணவன்,
தியோடர்


விவேக் நகர்
19.3.1998

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. எழுத்தெல்லாம் சந்தைக்குப் போகும் மாடுகள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகிறது. ஆனாலும் ஒரு மாடும் வழி தவறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் எனக்கு வந்த முதல் கடிதம் இது. டீச்சரிடம் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் துடைக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. நேற்று குழாயில் தண்ணீர் விட்ட நாள். சந்து முனையிலிருந்து குடம் குடமாக மாடிக்கு ஏற்றினேன். வலது முட்டி மடங்கவில்லை, இடது காலாலேயே ஏறினேன்.

வீட்டுக்காரர் பெருமாள்சாமி மேலே வந்தார். "என்னம்மா, அக்ரிமென்ட் முடியுது. இருக்கீங்களா, போறீங்களா? அய்யா என்ன சொன்னாரு?" என்றார். அய்யா பாலைவனத்தில் தண்ணீரைக் காவல் காக்கப் போயிருக்கிறார் என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈஸ்டருக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.

பொம்மனஹள்ளியில் தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று அமல் ஆறு மாதமாகக் கூப்பிடுகிறான். அங்கே போர்வெல் இருக்கிறது, மாடிப்படி இல்லை. அவன் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்டா" என்கிறீர்கள். சேஷகிரி சார் வந்து ஜீப்பில் வருகிறீர்களா என்று கேட்டபோது மட்டும், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சரி என்றீர்கள்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். ஒரு வார்த்தை போதும். அதுதான் எழுத வந்துவிட்டதே.

குளோரியா


உதய்பூர்
25.3.1998

என் அன்புள்ள குளோரியாவுக்கு,

தபால் ஆபீசில் என் பெயரைச் சொன்னதும் உன் கடிதத்தை எடுத்துத் தந்தார்கள். பச்சைமுத்து படித்துக் காட்டட்டுமா என்றான். "போடா, எனக்கே தெரியும்" என்று வெயிலில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக நானே படித்தேன்.

இங்கே என் பாடு பெரிய பாடு. எல்லோரும் என்னிடம் திருடுகிறார்கள். எங்களோடு வரும் இன்ஜினியர் பையன் அஷ்வின் வெள்ளைக் கேனைத் திறந்து சவரம் செய்துகொண்டிருந்தான். "தம்பி, அது குடிக்கிற தண்ணி" என்றேன். "அங்கிள், ஒரே ஒரு மக்கு" என்கிறான். ஒவ்வொருவரும் ஒரே ஒரு மக்குதான் எடுக்கிறார்கள். மத்தியானம் பார்த்தால் கேன் பாதியாகிவிடுகிறது. நான் கத்துகிறேன். இப்போது ஒருவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

முட்டை வேகவைத்த தண்ணீரில் டீ போடச் சொல்கிறார் சார். தட்டை மணலில் தேய்த்து ஈரத் துணியால் துடைக்கிறோம். குளித்து ஐந்து நாள் ஆகிறது. பொங்கின சோறு களி மாதிரி கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. "அங்கிள், இதை வெச்சு டயர் பஞ்சர் ஒட்டலாம்" என்றான் அஷ்வின். எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

முட்டிக்குத் தைலம் போடு. வீட்டு விஷயம் கடிதத்தில் பேசுகிற விஷயமா? விவேக் நகரில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. வந்து பேசுவோம். அடுத்த கடிதத்தை ஜெய்சால்மருக்கு எழுது.

தியோடர்


விவேக் நகர்
31.3.1998

அன்புள்ள உங்களுக்கு,

முழுவதும் படித்தேன். அஷ்வின் சவரம் செய்தது தெரிந்தது. முட்டைத் தண்ணீரில் டீ போட்டது தெரிந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் தெரியவில்லை.

ஒரு மக்கு தண்ணீருக்காக ஊரான் பிள்ளையிடம் அவ்வளவு கத்துகிறீர்களே. இங்கே இத்தனை வருஷம் நான் ஏற்றின குடங்களில் ஒன்றையாவது எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா?

வீட்டில் இருக்கும்போது நீங்கள் ஒரு நாளில் பேசுவது பத்து வார்த்தை. கடிதத்தில் இவ்வளவு பேசுகிறீர்கள். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, கோபமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

ஆமாமா, இல்லையா?

குளோரியா


ஜெய்சால்மர்
6.4.1998

அன்புள்ள குளோரியாவுக்கு,

ஈஸ்டருக்கு வர முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். வரிக்கு வரி நின்று நின்று எழுதுகிறேன். எழுதத் தெரியாததால் அல்ல, வெட்கத்தால்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் படுக்கப் போன பிறகு, மறுநாளுக்கு என்று கொஞ்சம் அரிசி போட்டு வடித்துவிட்டேன். ஒரு நாளாவது இவர்கள் நல்ல சோறு சாப்பிடட்டும் என்று நினைத்தேன். கஞ்சியைக் கீழே ஊற்றினால் சாருக்குத் தெரிந்துவிடும். ஊற்றவும் மனசு வரவில்லை. காலையில் உப்புப் போட்டு நானே குடித்துவிடலாம் என்று காலியாக இருந்த மஞ்சள் கேனில் ஊற்றி வைத்தேன்.

விடியுமுன் பச்சைமுத்து எழுந்து, மஞ்சள் கேன்தானே என்று அதை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றிவிட்டான்.

மணலில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி கொதித்தது. மூடியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை தள்ளிக்கொண்டு பொங்கி வழிகிறது. "அங்கிள், உள்ள இட்லி வெந்துட்டிருக்கு!" என்று கத்தினான் அஷ்வின். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. "பச்சைமுத்து, என்னய்யா ஊத்துன?" என்றார். "தண்ணிதான் சார், சத்தியமா தண்ணிதான்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். சார் என் பக்கம் திரும்பினார். "தியோடர், அந்தக் கேன்ல என்ன இருந்துச்சு?" என்றார். நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். "பாக்கணும் சார்" என்றேன். பச்சைமுத்துவை வண்டியை விட்டே இறக்கிவிடுவேன் என்று அவர் கத்திய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

உள்ளே கஞ்சி பசையாகப் பிடித்துக்கொண்டது. அதைக் கழுவ வெள்ளைக் கேன் ஒவ்வொன்றாக இறங்கியது. நான் ஒரு மக்குக்குச் சண்டை போட்டுச் சேர்த்த தண்ணீரெல்லாம் மணலில் ஓடியது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அஷ்வின் தன் பங்குத் தண்ணீரில் பாதியை எனக்குத் தந்தான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு கிணறு இருந்தது. நானும் பச்சைமுத்துவும் மணலில் கேன் தூக்கி நடந்தோம். இரண்டு நடை போனேன். மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன். தோள் இன்னும் எரிகிறது. நீ எப்படித்தான் மாடிக்கு ஏற்றுகிறாயோ.

நேற்று குருத்து ஞாயிறு. மணலில் போயிற்று. இங்கே வந்ததும் உன் கடிதத்தை வாங்கிப் படித்தேன். ரேடியேட்டர் மாற்றப் பத்து நாளாவது ஆகுமாம். வீட்டு விஷயத்தில் என்னை அவசரப்படுத்தாதே. பெருமாள்சாமியிடம் இன்னும் கொஞ்சம் நாள் கேள். அகமதாபாதுக்கு எழுது.

தியோடர்


பொம்மனஹள்ளி
13.4.1998

அன்புள்ள உங்களுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். கடிதம் பெரிய சனிக்கிழமை வந்தது. உயிரோடு இருக்கிறீர்களே என்று முழங்காலில் விழுந்து ஜெபித்தேன். பிறகு எழுந்து, கடைசிப் பத்தியை மறுபடியும் படித்தேன்.

கீழே இறங்கிப் போய்ப் பெருமாள்சாமியிடம் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் எனக்காக மட்டும் சொன்னேன். இன்று காலை அமல் வந்து இங்கே அழைத்து வந்தான்.

உங்கள் கட்டிலும் துணிமணியும் அங்கேயே இருக்கின்றன. ஒன்றையும் தொடவில்லை. சாவி பெருமாள்சாமியிடம். மாதக் கடைசி வரை பொறுப்பார். "அய்யா மட்டும் இருக்கேன்னாலும் சரிம்மா, அக்ரிமென்ட் போட்டுக்கலாம்" என்றார். நீங்கள் விவேக் நகரில்தான் இருப்பீர்கள் என்றால் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது பார்க்கிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன மாதமே தீர்ந்துபோயிற்று.

இங்கே தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆனால் திறந்தால் வருகிறது. மத்தியானம் திறந்து பார்த்தேன், வந்தது. சாயங்காலமும் திறந்து பார்த்தேன். "அத்தை, என்ன வேணும்?" என்று டோரதி கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

இனிமேல் நான் கேட்க மாட்டேன்.

குளோரியா


அகமதாபாத்
20.4.1998

என் குளோரியாவுக்கு,

இதற்கு முன்னால் கோபமாக ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். புருஷன் ஊரில் இல்லாதபோது வீட்டைக் காலி செய்கிறவள் உண்டா என்று எழுதினேன். என் வேகத்துக்கு அது பாதி தாண்டுவதற்குள் கோபம் ஆறிவிட்டது. வேகமாக எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் கோபக் கடிதம் சரிப்படும்.

எனக்குப் பொம்மனஹள்ளி பிடிக்கவில்லை. அங்கே ஒரு மனுஷனைத் தெரியாது. கோயிலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். டோரதி குக்கரில்தான் சோறு வைப்பாள், வடிக்க விடமாட்டாள். உப்புத் தண்ணீரில் டீ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இங்கேயே எழுதிவிட்டேன். வந்த பிறகும் முணுமுணுப்பேன், பொறுத்துக்கொள்.

விலாசத்தை எப்போதும்போலப் பச்சைமுத்துதான் இங்கிலீஷில் எழுதினான். பெறுநர் இடத்தில் பொம்மனஹள்ளி எழுதினான். அனுப்புநர் இடத்துக்கு வழக்கம்போல விவேக் நகர் போடப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இங்கேயும் பொம்மனஹள்ளி போடு என்றேன்.

"என்னண்ணா, அனுப்புறவரும் அங்கதான், வாங்குறவங்களும் அங்கதானா? அப்புறம் லெட்டர் எதுக்கு?" என்று சிரித்தான்.

நீ போடுடா என்றேன்.

தியோடர்