காகிதம் அடைத்த கேசட்

அக்கா,

முதலில் கண்ணில் பட்டது அந்தக் காகிதம்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரே, கேட்ட பாட்டைப் பதிந்து கொடுக்கும் கடை. மேசைமேல் கிடந்த கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் காகிதத்தை மடித்துத் திணித்திருந்தார்கள். அதன் பிறகுதான் பச்சை அட்டையைப் பார்த்தேன். நம்முடையது.

ஒவ்வொரு கேசட்டிலும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பல்லை நெம்பி எடுத்தது நீங்கள்தானே. "இதை ஒடச்சிட்டா எவனும் இது மேல வேற பாட்டைப் பதிய முடியாதுடி," என்பீர்கள். ஓட்டையை அடைத்தால் பதியலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். "அவ்ளோ மெனக்கெட்டு நம்ம கேசட்டை எவன் அழிக்கப் போறான்?" என்று சிரித்தீர்கள்.

எட்டாவதோடு நின்றுவிட்டு, திண்டிவனம் கடலை மண்டியில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிசைக் குழு ஒன்றின் நோட்டீசுக்கு விளம்பரம் கேட்டு நீங்கள் அங்கே வந்தீர்கள். பத்திரிகையில் கச்சேரிகளைப் பற்றி எழுதுவதும், குழுக்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பதும்தான் உங்கள் பிழைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. உடைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தவள், உங்களைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட? நான் இன்னா போலீஸா?"

"அவ ஆளைப் பாத்தா பாட மாட்டாம்மா. செவுத்தைப் பாத்துக்கினுதான் பாடுவா," என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் கேலி செய்தார்கள்.

மண்டி லீவு நாளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். என்னை மூட்டைகளைப் பார்த்து உட்காரவைத்து, நீங்களும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டீர்கள். "ஊர்ல இருக்கற பாட்டுக்காரனையெல்லாம் சிங்கம், புலின்னு எழுதியாச்சு. இனிமே எனக்குப் புடிச்ச பாட்டை நானே கேசட்டாப் போடப் போறேன். நீ பாடு." அப்படித்தான் நம் கம்பெனி ஆரம்பமானது.

அட்டையில் என் பேர் வேண்டாம் என்றேன். "அப்போ மல்லாட்டைன்னு போடட்டா?" என்று கேட்டு, கடைசியில் 'திண்டிவனத்துப் பெண்' என்று மட்டும் அச்சடித்தீர்கள்.

கடை கடையாக ஏறினோம். "சினிமாப் பாட்டு இருந்தா குடும்மா," என்று எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் வாதாடுவீர்கள். நான் உங்கள் பின்னால் பையோடு நிற்பேன். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று நான் சொன்னபோதுகூட, "வெயில்ல சுத்தறேன்ல, அதான்," என்றீர்கள். காமாலை முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்ததும் உங்கள் அண்ணன் பெட்டியோடு எல்லாக் கேசட்டையும் இந்தக் கடைக்குக் கொடுத்துவிட்டார். "வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது? பாத்துப் பாத்து அம்மா அழுவுது," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட உடனே பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து, காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை; மற்றதிலெல்லாம் சினிமாப் பாட்டு ஏறிவிட்டது. கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் தங்கள் சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் டேப் கிடையாது. நான் பாடியதை நான் முழுசாகக் கேட்டது உங்கள் அறையில்தான். கடைசிப் பாட்டு முடிந்ததும், "போதும்டி, வா, சாப்பிடலாம்," என்று நீங்கள் சொல்வதும் அதில் பதிந்திருந்தது. வெட்டவேண்டாம், இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்தீர்கள். உங்கள் குரல் வேறு எங்கேயும் இல்லை அக்கா. இனி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னைப் பாடச் சொல்லவும் யாரும் இல்லை.

கடைக்காரர் முதல் ஓட்டையை அடைத்துவிட்டார்.

"அண்ணே," என்றேன். பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அதை அழிக்காதீங்க. ஒரு தபா போடுங்க. பாடியிருக்கறது நான்தான்."