அது நானா என்று கேட்ட புதன்கிழமை

இன்று காலை கோயில் மைக்கின் பஞ்சு உறையை மாற்றினேன். பழையதைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனதும் கிராம்பு வாசம் அடித்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்குப் பிறகு எத்தனையோ பேர் அதில் பேசிவிட்டார்கள், பாடிவிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் எச்சில் தெறிக்கக் கத்தியும் விட்டார்கள். ஆனாலும் பல்வலிக்கு நீ ஓயாமல் அடக்கி வைத்திருந்த கிராம்பு அந்தப் பஞ்சை விட்டுப் போகவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே தெருவில் கிடந்தவர்கள் நாம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துவிட்டுக் கடிதம் எதற்கு? இப்போதுதான் தேவை வந்திருக்கிறது.

நான் ரேடியோ செட் போட்டுப் பிழைக்கிறவன். கல்யாணம், சடங்கு, கொடியேற்றம் எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது என் வேலை. கோயில் ஆம்பிளிஃபயரும் என் கையில்தான். நீ தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாய். ஆனால் ஊர் உன்னைக் கிரேனை வைத்து நினைக்கவில்லை, குரலை வைத்துத்தான் நினைத்தது. காலைப் பூசைக்கு முன்னால் அன்றைய நற்செய்தியை மைக்கில் வாசித்து, அதைப் பற்றிச் சின்னதாக ஒரு சிந்தனை சொல்வாய். கோபுரத்தில் நான்கு திசைக்கும் குழாய் உண்டு. விடியலில் நிலக்காற்று அடித்தால், கரைக்குத் திரும்பும் வள்ளங்களில் இருப்பவர்களுக்கும் நீ சொல்வது கேட்கும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு அதுதான் பூசை.

நம் ஊருக்கு ஒரு வியாதி. நீ எதை வாசித்தாலும், "இன்னைக்கு இது யாருக்குலே?" என்றுதான் டீக்கடையில் முதல் கேள்வி வரும். எந்த நாளுக்கு எந்த வாசகம் என்பது திருவழிபாட்டுக் காலண்டரில் முன்பே குறித்திருக்கிறது என்று நீ சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாய். ஒருவரும் நம்பவில்லை. உப்பைப் பற்றிய பகுதி வந்த அன்று இட்லிக்கடைக்காரி உன்னை வழிமறித்தது நினைவிருக்கிறதா?

"எஞ்சாம்பார்ல உப்பு இல்லன்னா நேருல சொல்லணும். மைக்குல சொல்லுதது மொறையா அண்ணாச்சி?"

"ஏளா, நானா எடுத்து வாசிக்கேன்? இன்னைக்கு ஒலகம் பூரா இதே வாசகந்தான்."

"ஒலகம் பூரா இருக்கட்டும். நம்ம ஊர்ல இட்லிக்கடை ஒண்ணுதான இருக்கு?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு, ஈஸ்டருக்கு முந்தின அந்தக் குருத்து ஞாயிறு வந்தது. அன்று சாயங்காலம் உன் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முத்துக் குளித்த வம்சம் உங்களுடையது. முத்தின் காலம் முடிந்து சங்காவது மிஞ்சியிருந்தது. உன் மகன் சங்கு குளிக்கத்தான் போனான். ஆனால் சங்கோடு கடல் அட்டையையும் எடுத்திருக்கிறான். அட்டை எடுக்கத் தடை என்பது நம் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் அதற்கு நல்ல விலை என்பதும் தெரியும். வனத்துறைக்காரர்கள் கரையிலேயே காத்திருந்து, சாக்கோடு சேர்த்து அவனை வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தகவல் சொன்னவன் சூசை. உனக்கு அடுத்த வீட்டுக்காரன், நண்டு வலை போடுகிறவன். வனத்துறை வண்டியிலிருந்து அவன் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட்டபோது அவன் இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டப்படி அவன் செய்தது சரி. அந்தச் சரியை நம் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். கடலில் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் வெளியாளிடம் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்பது நாம் எழுதாமல் வைத்திருக்கும் சட்டம்.

ஊர் அவனை விட்டுவைக்கவில்லை. கடையில் அவனுக்குச் சாமான் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் அவன் மனைவியின் குடத்தை ஆளாளுக்குப் பின்னால் தள்ளினார்கள். பிள்ளைகளை "யூதாசு மவன், யூதாசு மவ" என்று தெருவெல்லாம் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவள் பாத்திரம் பண்டங்களைக் கோணியில் கட்டத் தொடங்கினாள். புன்னைக்காயல் அவள் பிறந்த ஊர். மறுநாள் அங்கே கிளம்புவதாகப் பேச்சு. ஈஸ்டருக்கு முன்னால் ஒரு குடும்பம் ஊரை விட்டே போகப் போகிறது என்று தெரிந்தும் ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. உன் மகன் என் தோளில் வளர்ந்தவன். எனக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்?

அன்று சாயங்காலம் காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் நற்செய்தி, யூதாசு ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிற பகுதி. பெரிய வாரத்துப் புதன்கிழமை என்றால் வருஷா வருஷம் அதே பகுதிதான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆண்டவரே சூசைக்காக எடுத்துக் கொடுத்ததாக எனக்குத் தோன்றியது. ஏணி போட்டு ஏறி, தெற்குக் குழாயைச் சூசை வீட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன். நீ கீழே வந்து நின்றாய்.

"என்னலே பண்ணுத மேல?"

"காத்துல திரும்பிட்டு. சரி பண்ணுதேன்."

நீ இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு குழாயையே பார்த்துவிட்டுப் போய்விட்டாய்.

புதன்கிழமை விடியுமுன் ஊர் முழுக்க விழித்துவிட்டது. மைக்குக்காக எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஆம்பிளிஃபயரில் ஒலியை அதுவரை வைக்காத அளவுக்குக் கூட்டினேன். ஒரு வார்த்தையும் அவனுக்குத் தப்பிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

நீ நற்செய்தியை எப்போதும்போல நிறுத்தி நிதானமாக வாசித்தாய். சிந்தனையை வழக்கமாக மேடைத் தமிழில், "அன்பார்ந்த இறைமக்களே" என்று தொடங்குவாய். அன்று அது வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாய்.

"ஒங்கள்ல ஒருத்தன் காட்டிக்கொடுப்பான்னு ஆண்டவர் சொன்னதும், அந்த மேசையில இருந்தவங்க, அது அவனா, இவனான்னு கேக்கல. ஒவ்வொருத்தரும் அது நானா, அது நானான்னுதான் கேட்டாவ. நாம இத்தன வருசமா, இது யாருக்கு, யாருக்குன்னு கேட்டுட்டு இருக்கோம். நான் ராத்திரி அவங்கள மாதிரி கேட்டுப் பாத்தேன்."

மைக் அணைந்துவிட்டதோ என்று நான் ஆம்பிளிஃபயர் விளக்கைப் பார்த்தேன்.

"எம்மவன் அட்ட எடுக்கான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்தச் சோத்தத் தின்னேன். அவன் எடுத்துக் குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டுதான் இங்கன நின்னு ஒங்களுக்கு ஆண்டவர் வார்த்தையச் சொன்னேன். ஆண்டவரக் காட்டிக்கொடுத்தது யாருன்னு கேட்டா, மொதல்ல நான். சூசை வீட்டு ஆளுவள யாரும் ஒண்ணும் சொல்லாதிய. அதுவ நம்ம பிள்ளைய. ஊர விட்டுப் போவ விட்டுராதிய."

அவ்வளவுதான். மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, பூசைக்கு முழந்தாள் போடப் போய்விட்டாய்.

என் கை இன்னும் அந்த ஒலித் திருகில்தான் இருந்தது. குறைக்கவும் தோன்றவில்லை. உன் வெட்கத்தை நான் வைத்த உச்சக் குரலில் ஊருக்கும் கடலுக்கும் சொல்லி முடித்துவிட்டாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. பயமாகவும் இருந்தது. எத்தனையோ திருவிழாக்களுக்குச் செட் போட்டிருக்கிறேன், பெரிய பெரிய பிரசங்கியார்கள் பேசக் கேட்டிருக்கிறேன். கடவுள் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று நான் உணர்ந்தது அந்த ஒயர் குவியலுக்கு நடுவில்தான்.

உணர்ந்தேனே தவிர, பூசை முடிந்து நீ வெளியே வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"லூசாலே நீ? பிள்ள உள்ள கெடக்கான். அப்பங்காரனே, ஆமா எனக்குத் தெரியும்னு ஊருக்குச் சொல்லுத. கேசு என்னத்துக்கு ஆவும்?"

"நெசத்தச் சொன்னா கெட்டுப்போற கேசுன்னா கெட்டுப் போவட்டும். வா, கரைக்குப் போவோம்."

கரையில் சூசையின் வள்ளம் வந்துகொண்டிருந்தது. துணைக்கு ஆள் வராததால் தனியாகவே போய், போட்டிருந்த வலைகளை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறான். ஊரை விட்டுப் போவதற்கு முன் அவற்றை எடுக்க வேண்டுமே. நான் அவன் வீட்டைப் பார்த்துக் குழாய் கட்டினேன். அவனோ வீட்டிலேயே இல்லை. கடலில் வைத்து, நீ சொன்னது அத்தனையையும் கேட்டிருக்கிறான். அவ்வளவு தூரம் போய்ச் சேரும்படி ஒலியைக் கூட்டி வைத்த புண்ணியவான் நான்.

யாருடைய வள்ளம் கரை சேர்ந்தாலும், மணலில் இருக்கிறவர்கள் எழுந்து போய் மேலே ஏற்றக் கை கொடுப்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடக் கொடுப்பார்கள். அன்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரும் எழவில்லை. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாய். சூசை மறுபக்கம் நின்று அழுதான்.

"வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல."

"பிடிலே, அல வருது" என்றாய். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ நீ சொல்லவில்லை. இரண்டு பேர் இழுத்தால் வள்ளம் அசையுமா? அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நீ ஏம்லே மரமா நிக்க?"

"எனக்கு மனசு வரல."

"மனசு பொறவு வரட்டும். கைய மொதல்ல கொண்டா."

போனேன். உனக்காகத்தான் போனேன், அவனுக்காக இல்லை. இதை நீ உயிரோடு இருந்தபோதே பல தடவை சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். என் பின்னால் இன்னும் சிலர் எழுந்து வந்தார்கள். ஊரே திரண்டு வந்தது என்று எழுதினால் பொய். வள்ளம் ஏறுகிற அளவுக்கு ஆள் வந்தது.

அன்று மத்தியானம் சூசையின் மனைவி கட்டிய கோணியை அவிழ்த்தாள். இட்லிக்கடைக்காரி ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பாரைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் திரும்பினாள். எல்லோரும் பார்த்தோம்.

உனக்கு அது சும்மா கிடைக்கவில்லை. உன் வீட்டில் ஈஸ்டர் வரைக்கும் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஜாமீனில் வந்த மகன், "அப்பா என்னய மைக்குல வித்துட்டாவ" என்று என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டான். அட்டைக் காசில் தின்றவன் மைக்கைத் தொடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுத்தடுத்த காலைகளிலும் வந்து நின்றாய். "நானும் அதத்தாம்லே கேக்கேன், நான் தொடலாமான்னு" என்று சொல்லிக்கொண்டே மைக்கை எடுத்தாய். உன் மகன் அட்டையை விட்டுவிட்டான். சூசையோடு இன்றைக்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைப் பேசுகிறான்.

நீ இறந்த அன்று அறிவிப்பு சொல்ல வேண்டியவன் நான். மைக்கைப் பிடித்து, அதன் ஒயரையே சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சூசை என் கையிலிருந்து அதை வாங்கினான். பெயர், வயது, அடக்க நேரம் எல்லாம் சொல்வதுதான் வழக்கம். அவன் அது எதையும் சொல்லவில்லை. "என்னைய இந்த ஊர்ல இருக்க வச்ச அண்ணாச்சி எறந்துட்டாவ" என்றான். பெயர் சொல்லாமலே ஊர் முழுவதும் உன் வீட்டுக்கு வந்துவிட்டது.

சூசைமேல் எனக்கு இருந்த கோபத்தை நான் விடவே இல்லை. நீ பார்க்கும்போது கை கொடுத்தேன், நீ பார்க்காதபோதும் கை கொடுத்தேன், கோபத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நீ சொன்ன அந்த மனசு வருகிற வழியையே காணோம் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். நேற்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சூசையின் வள்ளம் கரைக்கு வந்தது. காற்று பலமாக இருந்தது, அவனுக்கும் வயதாகிவிட்டது, இடறி விழுந்துவிடுவானோ என்று நெஞ்சு பதறிவிட்டது. பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, இந்தத் தடவை கை பிறகுதான் வந்திருக்கிறது.

இதைச் சொல்ல உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அங்கே இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.